சுக்கான் யாரிடம்?

ஆளில்லாக் கப்பல்களுக்குச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் நிறைந்த கப்பல்களிலேயே கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் போன சில நிமிடங்களை, அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சிங்கப்பூர் நீரிணைக்குள் கப்பல்கள் வரிசை கட்டித்தான் நுழையும். 2017 ஆகஸ்ட் 21 அன்று பொழுது விடியுமுன், அமெரிக்கக் கடற்படையின் யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல் சுமார் 18 நாட் வேகத்தில் அந்த நெரிசலுக்குள் வந்துகொண்டிருந்தது. சுக்கான் பிடித்திருந்த மாலுமி திசையையும் வேகத்தையும் ஒருசேரக் கவனிக்க முடியாமல் திணறுவதைக் கேப்டன் பார்த்தார். பக்கத்து மேசையில் இருப்பவர் வேகத்தை எடுத்துக்கொள்ளட்டும், இவர் சுக்கானை மட்டும் பார்க்கட்டும் என்றார். அப்போது மணி 5:19. கடல் அனுபவம் உள்ள எவரும் இடக்கூடிய, நியாயமான உத்தரவுதான்.

5:24-க்கு அல்னிக் எம்சி என்ற டேங்கர் கப்பலின் மூக்கு மெக்கெய்னின் இடப்பக்கத்தில் புகுந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே மாலுமிகள் படுத்திருந்த அறைகளுக்குள் கடல் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். 48 பேருக்குக் காயம்.

இடையில் இருந்த ஐந்து நிமிடத்தில் எந்தக் கருவியும் உடையவில்லை. எஞ்சின் நிற்கவில்லை, மின்சாரம் போகவில்லை. ஆனாலும் கப்பல் யார் சொல்வதையும் கேட்கவில்லை.

மெக்கெய்னில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க உலோகக் கைப்பிடிகள் கிடையாது, தொடுதிரைதான். வேகத்தைப் பக்கத்து மேசைக்கு மாற்றியபோது, யாரும் நினைக்காமலேயே, சுக்கானும் கூடவே அங்கே போய்விட்டது. முதல் மாலுமி தன் கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார். அசைவில்லை. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று அறிவித்தார். அது செயலிழக்கவே இல்லை. ஓர் எட்டு தள்ளி, அடுத்த மேசையில், யாரும் தொடாமல் நல்ல நிலையில் இருந்தது. நேராகப் போவதற்கு அந்தக் கப்பலுக்கு வலப்பக்கம் சில டிகிரி சுக்கான் தேவைப்பட்டிருந்தது. மேசை மாறியதும் சுக்கான் நடுவுக்கு வந்து நின்றது. கப்பல் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்கியது.

கேப்டன் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். அங்கே இன்னொரு சிக்கல். இரண்டு ப்ரொப்பல்லர்களையும் ஒன்றாகக் கட்டுப்படுத்தும் இணைப்பு திரையில் விடுபட்டிருந்தது. மேசையில் இருந்தவர் குறைத்தது இடப்பக்கத்து ப்ரொப்பல்லரை மட்டும். இரட்டை மாட்டு வண்டியில் இடத்து மாட்டை மட்டும் இழுத்துப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று வண்டிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கயிறு அவர் கையில் இருக்கிறது. திரையில் விரல் வைத்தவருக்கு அப்படி ஒரு கயிறு இல்லை. கப்பல் இன்னும் வேகமாக இடப்பக்கம் திரும்பி, டேங்கரின் பாதையில் குறுக்கே போனது. பின்பக்க அவசரச் சுக்கான் அறைக்கு ஓடியவர்களும் மேல்தளத்தில் இருந்தவர்களும் மாறி மாறிக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஒருவழியாகச் சுக்கான் யாரிடம் என்பது தெளிவானபோது நேரம் கடந்துவிட்டது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அன்று சுக்கான், கணினியின் உதவி குறைந்த 'மாற்றுக் கைமுறை' நிலையில் வைக்கப்பட்டிருந்தது. கணினி குறுக்கே வராது, கப்பல் நேரடியாக நம் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கையில் கேப்டன் விரும்பிய முறை அது. அந்த முறையில்தான், ஒரு மேசையிடம் இருக்கும் கட்டுப்பாட்டை இன்னொரு மேசை கேட்காமலேயே எடுத்துக்கொள்ள முடியும். கணினியிடமிருந்து தப்பிக்க நினைத்தவர், அதன் மிக மோசமான மூலையில் போய் நின்றார்.

விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் அறிக்கை தந்தது. கண்டுபிடிப்புகள் சங்கடமானவை. மேல்தளத்தில் அன்று பணியில் இருந்தவர்களில் சிலர் வேறொரு கப்பலில், வேறு வகைக் கருவியில் பழகி, தற்காலிகமாக வந்தவர்கள். பணியில் இருந்தவர்கள் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் சராசரியாகத் தூங்கியது 4.9 மணி நேரம். பயிற்சி போதாது, நடைமுறை விதிகள் போதாது, அதற்குக் காரணம் கடற்படையின் மேற்பார்வைக் குறைபாடு என்று வாரியம் எழுதியது. சுக்கான் பிடித்த இளைஞர் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடவில்லை என்பதற்காகவே அந்த அறிக்கையைப் பாராட்டலாம். அதே ஆண்டு கடற்படை ஒரு முடிவெடுத்தது: அந்த வகைப் போர்க்கப்பல்களில் வேகத்துக்கான தொடுதிரையை எடுத்துவிட்டு, கையால் பிடித்துத் தள்ளும் பழைய கைப்பிடிகளைத் திரும்பப் பொருத்துவது. மாலுமிகள் கேட்டதும் அதைத்தான்.

மாலுமியைப் பார்த்துக் கற்ற இயந்திரம்

கப்பல் தானாகத் திசை பிடிப்பது நேற்று வந்த சங்கதி அல்ல, நூறாண்டு ஆகிவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் எல்மர் ஸ்பெர்ரியின் நிறுவனம் சுழல்காட்டியோடு இணைத்த தானியங்கிச் சுக்கானை வணிகக் கப்பல்களில் பொருத்தத் தொடங்கியது. மாலுமிகள் அதற்கு 'மெட்டல் மைக்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அதே காலத்தில், ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் வேறொரு வழியில் போனார். தேர்ந்த சுக்கான்காரர் என்ன செய்கிறார் என்று உட்கார்ந்து பார்த்தார்.

கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அவர் திருப்புவதில்லை. எவ்வளவு நேரமாக ஒரே பக்கம் இழுக்கிறது என்பதை மனதில் வைத்திருக்கிறார். இப்போது எந்த வேகத்தில் விலகுகிறது என்பதையும் உணர்ந்து, திரும்பி முடிப்பதற்கு முன்பே எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுக்கிறார். இந்த மூன்றையும் மினோர்ஸ்கி 1922-இல் கணிதமாக எழுதினார். அடுத்த ஆண்டு யுஎஸ்எஸ் நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் சோதித்தார்கள். இன்று ஆலைக் கொதிகலன் முதல் கல்யாண மண்டபத்துக்கு மேலே பறந்து படமெடுக்கும் டிரோன் வரை எங்கும் ஓடிக்கொண்டிருப்பது அதே மூன்று உறுப்புக் கணக்குதான். பொறியியல் மாணவர்கள் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்கிறார்கள். அதன் மூலத்தில் பெயர் தெரியாத சில சுக்கான்காரர்கள் இருப்பதை எந்தப் பேராசிரியராவது சொல்லித்தருகிறாரா என்று தெரியவில்லை.

ஆக, திசை பிடிப்பதை இயந்திரம் கற்றுக்கொண்டது. கைமாற்றுவதைத்தான் ஒழுங்காக அமைக்க முடியவில்லை. 1967 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால், ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெயோடு வந்த டோரி கேன்யன் கப்பல், பாறைகளை நெருங்கிய கடைசி நிமிடத்தில் திரும்ப முயன்றது. சக்கரம் சுழன்றது, கப்பல் திரும்பவில்லை. தானியங்கியா, கைமுறையா என்று தீர்மானிக்கும் நெம்புகோல் தவறான நிலையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் கப்பல் பாறையில் ஏறிவிட்டது. அன்று நெம்புகோல், ஐம்பது ஆண்டு கழித்து மெக்கெய்னில் தொடுதிரை. இடையில் மனிதன் நிலாவுக்குப் போய்த் திரும்பியிருந்தான்.

34 மணி நேரம் யாரும் பார்க்காத இரண்டு எழுத்து

மெக்கெய்ன் கதையில் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இதற்கு நேரெதிரான வகை ஒன்று உண்டு. என் கணக்கில் அதுதான் பயங்கரம். அங்கே யாரும் பதறுவதே இல்லை.

1995 ஜூன் 9 நண்பகலில், ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. பயணிகளும் ஊழியர்களுமாக 1,509 பேர். புறப்பட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. செயற்கைக்கோள் கிடைக்காத ஜிபிஎஸ் கருவி, அது வடிவமைக்கப்பட்ட விதப்படியே, வேகத்தையும் திசையையும் வைத்துத் தோராயமாக இடத்தைக் கணிக்கும் முறைக்கு மாறியது. மாறியதைச் சொல்ல ஒரு நொடி ஒலித்தது. பிறகு திரையில், மற்ற எண்களைவிடச் சிறிதாக, 'டிஆர்' என்று இரண்டு எழுத்தைக் காட்டியபடி இருந்தது. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவது அந்தக் கணக்கில் சேராது. அதோடு இணைந்த ஆட்டோபைலட்டுக்கு இந்த மாற்றம் புரியவில்லை. வரும் எண்கள் செயற்கைக்கோள் தந்தவை என்றே எடுத்துக்கொண்டு ஓட்டியது.

அதன்பின் 34 மணி நேரம். அதிகாரிகள் முறைவைத்து வந்தார்கள், போனார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஜிபிஎஸ் காட்டிய இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அழகாக விழுந்தன. விழாமல் என்ன செய்யும்? கருவி தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொண்டிருந்தது. லோரன் என்ற இன்னொரு கருவி அதே மேல்தளத்தில் சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வழியில் ஒரு மிதவை வர வேண்டும். ரேடாரில் ஒன்று தெரிந்தது. அதுதான் இது என்று முடிவு செய்தார்கள். அது வேறு மிதவை. அடுத்து வர வேண்டியதை இரண்டாம் அதிகாரி பார்க்கவே இல்லை; கேப்டன் கேட்டபோது கடந்துவிட்டோம் என்றார். காவலில் நின்றவர்கள், முன்னால் தண்ணீரின் நிறம் வேறாகத் தெரிகிறது என்றும் சொன்னார்கள்.

ஜூன் 10 இரவு 10:25-க்கு, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே சுமார் பத்து மைலில், மணல்திட்டில் கப்பல் ஏறியது. வரைபடத்தில் இருக்க வேண்டிய இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் வித்தியாசம் 17 மைல். யாருக்கும் காயமில்லை, நஷ்டம் சுமார் 70 லட்சம் டாலர்.

இரண்டாம் அதிகாரியைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். பார்க்காத மிதவையைப் பார்த்ததாகச் சொல்வது கடலில் மன்னிக்க முடியாதது. ஆனால் அவர் ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தார் என்பதைக் கேட்காமல் விட்டால், அடுத்த கப்பலிலும் அதே நிம்மதி காத்திருக்கும். கருவி ஆண்டுக்கணக்கில் சரியாகவே சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை நான்கு மணி நேரம் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்க மனித மூளையால் ஆகாது. இது யூகம் இல்லை. நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், ரேடார் பார்ப்பவர்கள் ஏன் எதிரியைத் தவறவிடுகிறார்கள் என்று அறிய ஒரு சோதனை நடத்தி 1948-இல் வெளியிட்டார். முள் ஒவ்வொன்றாகத் தாவும் ஒரு கடிகாரம். எப்போதாவது அது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கியது.

லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1983-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் சொன்னதன் சாரம் இது: சுலபமான வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அதனால் முடியாத நேரத்துக்கு மட்டும் மனிதனைக் கூப்பிடுகிறோம். ஆனால் தினமும் செய்தால்தான் கை பழகும். செய்வதைப் பிடுங்கிவிட்டு, இருப்பதிலேயே கஷ்டமான தருணத்தில், முன்னறிவிப்பில்லாமல், அவனிடம் ஒப்படைக்கிறோம். ராயல் மெஜஸ்டி தரைதட்டுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே எழுதப்பட்டுவிட்ட கட்டுரை.

கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல்

இதுவரை படித்ததை வைத்து, கைமுறைதான் நல்லது, கருவிதான் கெட்டது என்று யாராவது முடிவுகட்டினால் டாலி கப்பலின் கதை அதைக் கெடுத்துவிடும்.

2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட டாலி என்ற சரக்குப் பெட்டகக் கப்பல், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. கப்பலில் 20 இந்தியர், ஓர் இலங்கையர். பாலத்தில் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அதே பாதுகாப்பு வாரியம் 2025-இல் சொன்ன மூலகாரணம் ஒரு தளர்ந்த வயர். வயரின் நுனியில் ஒட்டியிருந்த அடையாள லேபிள் இடித்ததால், அது இணைப்புக்குள் முழுதாகப் போய் அமரவில்லை. மின்சாரம் போனது. குளிர்விக்கும் நீர் நின்றதால் பிரதான எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றது. எஞ்சினுக்கு அதுதான் நல்லது. பாலத்துக்கு எது நல்லது என்று அதற்குத் தெரியாது.

மாற்று மின்மாற்றிக்குத் தானாகத் தாவும் வசதி கப்பலில் இருந்தது. அது கைமுறையில் வைக்கப்பட்டிருந்தது. தானியங்கியில் இருந்திருந்தால் சில நொடிகளில் முடிந்திருக்கும் வேலைக்கு, ஊழியர்கள் இருட்டில் ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அதுவே கெட்டிக்காரத்தனம். ஆனால் ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தள்ள, அதற்கென்று இல்லாத ஒரு பம்ப்பைப் பயன்படுத்தி வந்திருந்தார்கள். மின்சாரம் திரும்பினாலும் அந்தப் பம்ப் தானாக மறுபடி ஓடாது. ஓடவில்லை. இரண்டாம் முறையும் இருட்டு. இங்கே குற்றம், இருந்த தானியங்கிப் பாதுகாப்பை வசதிக்காக ஒதுக்கி வைத்ததில்.

ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் வேறொன்றும் நடந்தது. மேல்தளத்தில் இருந்த துறைமுக பைலட் நங்கூரத்தைப் போடச் சொன்னார். பாலத்தை மூடுங்கள் என்று தகவல் அனுப்பினார். இரு முனையிலும் போலீசார் வண்டிகளை நிறுத்தினார்கள். பாலம் விழுந்தபோது மேலே ஓடும் கார் இல்லை. கப்பல் இனி நிற்காது என்று தெரிந்ததும் கப்பலை விட்டுவிட்டுப் பாலத்தைப் பற்றி யோசிக்க, அங்கே ஒருவர் இருந்தார். எந்த மென்பொருளிலும் அது யாராவது எழுதிவைத்த கட்டளையாக இருந்திருக்காது.

கடல் விபத்துகளில் பெரும்பாலானவை மனிதத் தவறு என்பது, ஆளில்லாக் கப்பல் விற்க வருகிறவர்கள் காட்டும் முதல் புள்ளிவிவரம். மனிதன் தடுத்த விபத்துகளுக்கு விசாரணையும் கிடையாது, அறிக்கையும் கிடையாது. ஆகவே அவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆளில்லாமல் எவ்வளவு தூரம்?

நார்வேயின் யாரா பிர்க்லாண்ட், 80 மீட்டர் நீளமும் 120 பெட்டகங்கள் ஏற்றும் கொள்ளளவும் உள்ள மின்சாரக் கப்பல். 2017-இல் அறிவித்தபோது, 2020-இல் முழுக்கத் தானாக ஓடும் என்றார்கள். வணிகச் சேவையைத் தொடங்கியதே 2022-இல், ஊழியர்களோடு. ஓடுவதும் ஹெரோயா, ப்ரேவிக் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கிடையே. லாரிப் போக்குவரத்தைக் குறைக்கும் நல்ல திட்டம்தான். ஆனால் கெடு தாண்டியதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை.

அதைவிடப் பாடம் தருவது மேஃப்ளவர் தானியங்கிக் கப்பல். செயற்கை நுண்ணறிவை நம்பி அட்லாண்டிக்கைக் கடக்க 2021-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. ஜெனரேட்டரில் ஏற்பட்ட சிறு கோளாறால் பாதியில் திரும்பியது. 2022-இல் மறுபடி கிளம்பி, அசோர்ஸ் தீவுகளில் ஒருமுறை பழுதுபார்க்க நின்று, கடைசியில் அமெரிக்காவுக்குப் பதிலாக முதலில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் கரையேறியது. அதன் நுண்ணறிவு பெரிதாகச் சறுக்கவில்லை. சறுக்கியது இரும்பும் ரப்பரும் வயரும். சாதாரணக் கப்பலில் மூன்றாம் எஞ்சினியர் ஸ்பானரோடு இறங்கிப் போய், சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டு வரும் ரக வேலைகள்.

ஜிபிஎஸ்ஸோ இப்போது தானாகக் கழல்வதில்லை, வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள். 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த சுமார் இருபது கப்பல்களின் கருவிகள், தாங்கள் கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. மாலுமிகள் எட்டிப் பார்த்தார்கள், கடல்தான் தெரிந்தது, கருவியை நம்பவில்லை. எட்டிப் பார்க்க ஆள் இல்லாத கப்பல் என்ன செய்திருக்கும் என்பதற்கு வடிவமைப்பாளர்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

துறைமுகத்துக்குள் நிலைமை வேறு. மூடிய வளாகம், நிற்கும் தரை, தெரிந்த பாதை. 2022-இல் முறைப்படி திறக்கப்பட்ட சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெட்டகங்களைச் சுமந்து போகின்றன. கன்னியாகுமரி எல்லைக்குப் பக்கத்தில், கேரளத்தின் விழிஞ்ஞத்தில், கிரேனின் உச்சியில் உட்கார்ந்து குனிந்து பார்க்க வேண்டிய வேலையைக் கட்டுப்பாட்டு அறையில் திரை முன் அமர்ந்து செய்கிறார்கள். அவர்களில் அந்த வட்டாரத்துப் பெண்களும் உண்டு. உச்சிக் கூண்டில் கழுத்து வலியோடு கழிந்த காலத்தை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. அதே சமயம், ஒருவர் பல கிரேன்களைப் பார்க்கும்போது மிச்சப் பேர் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் பொய்யில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலையை நிறுத்தியபோது, கூலிக்கு அடுத்து அவர்கள் பிடிவாதம் பிடித்தது தானியங்கி இயந்திரங்கள் விஷயத்தில்தான்.

கடலில் எழுதப்படும் விதிகள்தான் இன்னும் சிக்கல். தானியங்கிக் கப்பல்களுக்கான விதித்தொகுப்பை 2032 முதல் கட்டாயமாக்குவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இலக்கு. 1972-இன் மோதல் தடுப்பு விதிகள், ஒவ்வொரு கப்பலும் எப்போதும் கண்ணாலும் காதாலும் காவல் காக்க வேண்டும் என்கின்றன. கேமராவும் மைக்கும் கண்ணும் காதும் ஆகுமா என்பதில் தொடங்கி வாதம் போகிறது. அமைப்பின் கூட்டுக் குழுவில் சில விஷயங்களில் உடன்பாடு வந்துவிட்டது: எவ்வளவு தானாக ஓடினாலும் ஒவ்வொரு கப்பலுக்கும் மனிதர் ஒருவர் கேப்டனாகப் பொறுப்பில் இருக்க வேண்டும், அவர் கப்பலில் இருக்க வேண்டியதில்லை, சில நிபந்தனைகளோடு ஒருவரே பல கப்பல்களுக்குக் கேப்டனாகலாம்.

அந்தக் கேப்டன் எங்கிருந்து வருவார்? இன்றைய கேப்டன், கேடட்டாகப் போய், ஆண்டுக்கணக்கில் அலையில் ஆடி, ஒவ்வொரு சான்றிதழுக்கும் கடல்நாள் கணக்குக் காட்டி மேலே வந்தவர். உலகில் இருக்கும் சுமார் 19 லட்சம் மாலுமிகளில் இந்தியர் கணிசம். தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒவ்வொரு ஆண்டும் பையன்கள், இப்போது பெண்களும், அந்த வரிசையில் போய் நிற்கிறார்கள். கரையில் திரை முன் அமரும் வேலைக்கு முதல் தலைமுறையாகப் போகிறவர்கள் இவர்களிடமிருந்துதான் வருவார்கள். தண்ணீரின் நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள். மூன்றாம் தலைமுறைக்கு ஏற கப்பலே இருக்காது என்றால், கடல்நாளை எதைக் கொண்டு கணக்கிடுவது என்பதை விதி எழுதுகிறவர்கள் தீர்த்தாக வேண்டும்.

கூட்டுக் குழுவின் உடன்பாட்டில் இன்னொரு வரியும் உண்டு. ஒரே பயணத்தில் ஒரு கப்பலுக்குப் பல கேப்டன்கள் மாறி மாறிப் பொறுப்பேற்கலாம்; ஆனால் எந்த நேரத்திலும் பொறுப்பில் ஒருவர்தான் இருக்க வேண்டும். கரையில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வரும். ஒரு நாட்டின் அறையிலிருந்து இன்னொரு நாட்டின் அறைக்குக் கப்பல் கைமாறும். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். மெக்கெய்னில் இரண்டு மேசைகளுக்கிடையே ஓர் எட்டுதான் தூரம்.